செவந்தியின் முகத்தில் வந்தது

ஆதனங்குடிப் பண்ணை நாகநாதனின் மகள் வள்ளியம்மைக்குப் பதினைந்து வயதில் நெற்றியில் ஒரு பரு வந்தது. இருபத்துநாலு வயதுக்குள் அது கன்னம், தாடை, கழுத்தோரம் என்று முகம் முழுக்கக் குடியேறிவிட்டது. ஒன்று அமுங்கினால் இரண்டு எழும்பும். பழுத்தது உடையும், உடைந்தது கறுக்கும், கறுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று சிவக்கும். ஜாதிக்காயை உரைத்துப் போட்டாகிவிட்டது, ரத்தச் சந்தனம் போட்டாகிவிட்டது, கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் ஊசியும் போட்டாகிவிட்டது.

"உஷ்ணம்டி. கல்யாணமானா தானா அடங்கிடும்" என்பாள் அத்தை கமலாம்பாள். கல்யாணம் ஆகாததற்குக் காரணம் அந்தப் பருதான் என்று சொன்னதும் அதே அத்தைதான். அவள் நாகநாதனின் அக்கா. புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்தவள். வள்ளியம்மையின் அம்மா கண்ணை மூடிய பிறகு வீடு அவள் கைக்குப் போயிற்று.

நாகநாதன் அதிகம் பேசமாட்டார். பன்னிரண்டு வேலி நிலம் பேசவேண்டியதையெல்லாம் அவருக்காகப் பேசியது. அந்த நிலத்தைப் பற்றித்தான் இப்போது ஊரெல்லாம் பேச்சு. ஆட்சி மாறி ஐந்தாவது வருஷம் நடந்துகொண்டிருந்தது. ஒரு குடும்பம் வைத்துக்கொள்ளக்கூடிய நிலத்தைச் சட்டம் போட்டுப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம், அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடு என்று கூலியாட்கள் குடியிருக்கும் தெற்குத் தெருவில் கொடி ஏறியிருந்தது.

வள்ளியம்மைக்கு இதெல்லாம் கொல்லைப்புறத்து மதிலுக்கு அப்பால் நடக்கும் சங்கதி. அவளுடைய உலகத்தில் இரண்டே பேர்தான். ஒருத்தி அம்சம், மாட்டுக்கொட்டகைக்கு வேலைக்கு வருகிறவள், இவளைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவள். இன்னொருத்தி செவந்தி, கொட்டகைக்கு முன்னால் தென்னையில் கட்டியிருந்த குரங்கு.

செவந்தியைக் கொண்டு வந்ததே அம்சம்தான். பம்புசெட்டுக்குக் கம்பி இழுத்த புதிதில் ஒரு தாய்க் குரங்கு அதில் தாவிக் கருகி விழுந்தது. அதன் வயிற்றைக் கவ்விக்கொண்டு கிடந்த குட்டியை முந்தானையில் சுற்றி எடுத்துவந்து, "இந்தாங்க சின்னம்மா, பொட்டைக் குட்டி. ஒங்களுக்குப் பொழுது போகும்" என்று மடியில் போட்டாள். கொட்டிலில் குரங்கு இருந்தால் மாட்டுக்குக் கண்ணு படாது என்று அப்பாவும் விட்டுவிட்டார். அம்சம் சாணி அள்ளும்போது வள்ளியம்மை படியில் உட்கார்ந்து குரங்குக்குப் பேன் பார்ப்பாள். குரங்கு இவளுக்குப் பார்க்கும். அம்சம் தெருவில் நடந்த சண்டையையெல்லாம் அபிநயத்தோடு சொல்வாள். அவள் ஒருத்திதான் வள்ளியம்மையின் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினவள். மற்றவர்கள் நெற்றிக்கு மேலே எங்கேயோ பார்த்துப் பேசுவார்கள்.

கார்த்திகையில் அம்சம் வருவது நின்றது. அவள் புருஷன் ரெத்தினம், கூலி விஷயமாக நாகநாதனிடம் களத்திலேயே நேருக்கு நேர் பேசிவிட்டான். "நாளையிலேர்ந்து எம் மண்ணுல கால் வைக்காதே" என்றார் அவர். ரெத்தினம் கால் வைக்கவில்லை. அவனோடு தெற்குத் தெருவே கால் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு பண்ணை வீட்டில் சத்தமே இல்லாமல் போயிற்று. அத்தை முணுமுணுத்துக்கொண்டே மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கிப் போட்டாள். வள்ளியம்மை சாணி அள்ளக் கற்றுக்கொண்டாள். மத்தியானத்தில் வீடு படுத்துவிடும். அவள் முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஸ்னோ டப்பாவையும் எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். ஸ்னோவில் தேங்காயெண்ணெய் கலந்து பூசினால் தழும்பு மறையும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தான் பூசிக்கொண்டு, விரலில் மிச்சமிருப்பதைச் செவந்தியின் கன்னத்திலும் மோவாயிலும் தடவுவாள். குரங்கு கண்ணை மூடிக்கொண்டு முகத்தைக் காட்டும். அப்படித் தன் கைக்கு முகம் காட்ட இந்த உலகத்தில் ஓர் உயிர் இருக்கிறது என்பதற்காகவே அவள் தினமும் தடவினாள்.

மார்கழி பாதியில் செவந்தியின் மோவாயில் பொரிப் பொரியாக ஏதோ கிளம்பியது. பிறகு உதட்டோரம், கன்னம். சிலது சிவந்தது, சிலது வெள்ளையாகப் பழுத்தது.

தை பிறந்ததும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையனின் அம்மா கை கழுவக் கொல்லைப்புறம் போனவள், தென்னையடியில் நின்று குரங்கைப் பார்த்தாள். திரும்பி வந்து, பலகாரத் தட்டோடு நின்ற வள்ளியம்மையைப் பார்த்தாள்.

"ரெண்டு மூஞ்சியிலயும் ஒரே மாதிரி இருக்கே. ஒட்டுவாரொட்டியா?" என்று கேட்டாள்.

வள்ளியம்மை தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள்.

வண்டி தெருமுனை திரும்புவதற்குள் அத்தை ஆரம்பித்துவிட்டாள். "அந்தச் சனியன்கிட்டேர்ந்துதான் இவளுக்கு ஒட்டிருக்கு. இல்லாட்டி இவகிட்டேர்ந்து அதுக்கு. எதுவா இருந்தா என்ன, அடிச்சுக் கொல்லச் சொல்லு தம்பி."

"குரங்கைக் கொன்னா பாவம்" என்றார் நாகநாதன். சற்று யோசித்தார். "மாட்டுக்கு ஒட்டுமான்னு பாக்கணும். டாக்டரை வரச் சொல்றேன்."

வலங்கைமான் மாட்டாஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் மறுநாள் காலையில் சைக்கிளில் வந்தார். தியாகராசன் என்று பெயர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கொட்டகை வாசலில் அவர் சைக்கிளை நிறுத்தித் திரும்பியபோது வள்ளியம்மை சட்டென்று பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். அவருடைய இரண்டு கன்னமும் கொத்தின அம்மி மாதிரி குழிக் குழியாக இருந்தன. தன் முகம் பத்து வருஷம் கழித்து எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று.

செவந்தி அவரைக் கண்டதும் பல்லைக் காட்டியது. "நீங்களே பிடிச்சுக்குங்க" என்றார். வள்ளியம்மை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்ள, அவர் குந்தி உட்கார்ந்து பூதக்கண்ணாடியால் அதன் மோவாயைப் பார்த்தார். முன்கையைத் திருப்பிப் பார்த்தார். வாலடியைப் பார்த்தார். மறுபடி மோவாய்க்கே வந்தார்.

அவளுக்குப் பொறுக்கவில்லை. "குரங்குக்கும் பரு வருமா டாக்டர்?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான், அந்நிய ஆணிடம் தான் பேசி எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது.

அவர் சிரிக்கவில்லை. "காலேஜ்ல இதையேதான் நானும் கேட்டேங்க. கிளாஸே சிரிச்சுது. உன் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே கேக்கறியான்னு ஒருத்தன் கேட்டான்" என்றார்.

"வாத்தியார் என்ன சொன்னாரு?"

"தோலுக்கு அடியில எண்ணெய் சுரக்கற பை இருக்கு. வயசு வர்றப்ப அதிகமா சுரந்து, வாய் அடைச்சுக்கிட்டா அதுதான் பரு. நாய்க்கு மோவாயில, உதட்டோரத்துல வரும். பெரும்பாலும் குட்டிப் பருவம் போனா போயிடும். பூனைக்குத் தாடையில மிளகு ஒட்டினாப்பல கறுப்புக் கறுப்பா வரும், அழுக்குன்னு நெனைச்சுத் தொடைப்பாங்க. குரங்குக்கும் அந்தப் பை இருக்கு. அதனால வரவே வராதுன்னு சொல்லிட முடியாது. ஆனா நம்மளை மாதிரி முகம் பூரா, வருஷக்கணக்கா வந்து நான் பாத்ததில்லை, படிச்சதும் இல்லை."

"மனுஷங்களுக்கு மட்டும் ஏன் அப்படி?"

"உடம்புல ரோமம் குறைஞ்சு போனதாலன்னு சிலர் சொல்றாங்க. யாருக்கும் சரியாத் தெரியலைங்க."

'நம்மளை மாதிரி' என்று அவர் சொன்னது அவள் காதிலேயே நின்றது. அவளையும் சேர்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

"அப்ப இது என்ன?"

அவர் குரங்கின் கன்னத்தை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார். "இதுக்கு என்ன பூசறீங்க?"

வள்ளியம்மைக்கு முகம் சுட்டது. "ஸ்னோ... தேங்காண்ணெய் கலந்து."

"எதுக்கு?"

"சும்மாதான். எனக்குப் போடறப்ப அதுக்கும் போடுவேன்."

அவர் தலையை ஆட்டினார். "அதான் அடைச்சுக்கிச்சு. ரோமக்காலெல்லாம் மூடி, பழுத்துப்போயிருக்கு. ஒட்டற வியாதி இல்லை. மாட்டுக்கும் வராது, மனுஷங்களுக்கும் வராது. பூசறதை நிறுத்திட்டு வெந்நீர்ல தொடைச்சு விடுங்க, ஆறிடும்." கொஞ்சம் தயங்கினார். "நீங்களும் நிறுத்திப் பாருங்க. போயிடும்னு சொல்லமாட்டேன். அதிகமாகாம இருக்கும்."

அந்தச் சமயத்தில் அத்தை எவர்சில்வர் டம்ளரில் காப்பியோடு வந்தாள். "ஒட்டாதாமே, வயத்துல பால வார்த்தீங்க தம்பி. காப்பி சாப்பிடுங்க. தம்பிக்கு எந்த ஊரு?"

"கூத்தாநல்லூர் பக்கங்க."

"அங்க யாரு வீட்டுப் புள்ளை? நமக்குத் தெரிஞ்சவங்க நெறைய இருக்காங்க."

"அரசப்பன் மகன். அப்பா பண்ணையாளா இருந்தாரு" என்றவர், எந்தத் தெருவில் வீடு என்பதையும் சேர்த்தே சொன்னார்.

நீட்டிய டம்ளர் பாதியில் நின்றது. "ஆறிப்போயிருக்கும் போலிருக்கே. வேற கொண்டாரேன்" என்று அத்தை திரும்பிப் போனாள். வரும்போது கையில் அலுமினிய டம்ளர் இருந்தது. ஆட்களுக்கென்று கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் செருகி வைத்திருப்பது. அதைத் தொழுவத்துக் கல்லின் மேல் வைத்துவிட்டு, "காப்பி இருக்கு" என்று தென்னை மரத்தைப் பார்த்துச் சொன்னாள். வாங்க போங்க எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்துக்குள் எங்கேயோ போய்விட்டது.

"நான் காப்பி குடிக்கறதில்லைம்மா" என்றார் அவர். குரலில் ஒன்றும் இல்லை. பழகிப்போன குரல். "கை கழுவத் தண்ணி கொடுங்க."

வள்ளியம்மை செவந்தியைக் கட்டிவிட்டு, வாளியும் செம்புமாக வந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள். அத்தை பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்" என்றார் டாக்டர். "இதோட கையைப் பாருங்க. மயிரைத் தானே பிடுங்கிக்குது. பரு ஆறிடும், இது ஆறாது. கூட்டமா இருக்கற ஜாதி, ஒத்தையில கட்டிப்போட்டா இப்படித்தான் பண்ணும்."

"அவுத்து விட்டா மத்ததுங்க சேத்துக்குமா?"

"சொல்ல முடியாது. பொட்டையா இருக்கறதால சேத்தாலும் சேக்கும். கடிச்சு விரட்டினாலும் விரட்டும். முகம் ஆறினப்புறம் விட்டுப் பாருங்க."

"நீங்க வலங்கைமான்ல எங்க தங்கியிருக்கீங்க?" என்று அவள் கேட்டாள். ஏன் கேட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் பின்னாலயே ஒரு ரூமு. ஊருக்குள்ள வீடு கேட்டேன், அமையலை." அவர் பையை ஹாண்டில் பாரில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். சைக்கிள் போனதும் அத்தை, காப்பியைச் சாணிக்குழியில் கொட்டினாள். டாக்டரை அந்த வீட்டுக்கு மறுபடி கூப்பிடவில்லை.

வள்ளியம்மை ஸ்னோவை நிறுத்தினாள். செவந்தியின் முகம் தை முடிவதற்குள் ஆறிவிட்டது. அவளுடையது ஆறவில்லை, ஆனால் புதிதாகக் கிளம்புவது குறைந்தது.

வயலில் நெல் முற்றி, சாய்ந்து, மணி உதிர ஆரம்பித்திருந்தது. அப்பா வெளியூரிலிருந்து லாரியில் ஆள் இறக்கினார். ஊர் எல்லையில் போலீஸ் வண்டி நின்றது. ரெத்தினத்தையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று பால்காரர் வாசலில் சொல்லிவிட்டுப் போனார்.

"இதை எப்ப ஒழிக்கப்போறே?" என்று அத்தை தினமும் குரங்கைக் காட்டிக் கேட்டாள். கொண்டுபோய் விடச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை. இருந்த ஆளெல்லாம் வயலில். ஒரு நாள் காலையில், அத்தை குளிக்கப் போன நேரத்தில், வள்ளியம்மை செவந்தியை அவிழ்த்து இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்து நடந்தாள். குடமுருட்டிக்கு அக்கரையில் ஐயனார் கோயில் தோப்பில் குரங்குக் கூட்டம் உண்டு என்று அம்சம் சொல்லியிருந்தாள். வழி தெரியாது. தெற்குத் தெருவைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பது மட்டும் தெரியும்.

பிறந்து வளர்ந்த ஊரில் அந்தத் தெருவை அவள் பார்த்ததில்லை. அம்சத்தின் வீடு எது என்று கேட்கவும் வேண்டியிருக்கவில்லை. முதல் குடிசை வாசலில் அவளே நின்றுகொண்டிருந்தாள். கண்டதும் ஓடிவந்து வழி மறித்தாள்.

"இதுக்கு மேல வராதீங்க சின்னம்மா. ஒங்கப்பாரு ஆளு எவனாச்சும் பாத்தா, பண்ணை வீட்டுப் பொண்ணைக் கடத்திட்டாங்கன்னு எங்க மேல கேஸ் எழுதுவாங்க."

இரண்டு மாதமாக யாரிடம் பேசவேண்டும் என்று ஏங்கினாளோ, அவள் எதிரே நிற்கிறாள், வராதே என்கிறாள். "செவந்தியைக் கொண்டுபோய் விடப் போறேன். தோப்புக்கு வழி தெரியலை" என்றாள்.

அம்சம் குரங்கைப் பார்த்தாள். அது அவளைக் கண்டதும் கையை நீட்டி உதட்டைக் குவித்தது. அம்சம் பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாசல்களில் பெண்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பண்ணை வேலைக்குத்தான் போகமாட்டோம்னு சொல்லிருக்கோம்" என்று அவர்களுக்குக் கேட்கும்படி சொன்னாள் அம்சம். "கொரங்கு பண்ணை வேலை இல்லை. கொண்டாந்து விட்டவ நான்தானே, நானே கொண்டு விட்டுட்டு வர்றேன்." பிறகு தாழ்ந்த குரலில், "நீங்க முன்னால வாய்க்கா கரையோட போங்க. நான் தள்ளி வர்றேன்."

ஆற்றில் முழங்கால் அளவுக்குத்தான் தண்ணீர் இருந்தது. தோப்பில் நாவலும் புளியும் அடர்ந்து இருட்டாகக் கிடந்தது. கூட்டம் மேலே இருந்தது. வள்ளியம்மை செவந்தியின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். அது போகவில்லை. அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது. அம்சம் கையைத் தட்டி விரட்டினாள், நகரவில்லை. கடைசியில் மேலேயிருந்து பெரிய குரங்கு ஒன்று உறுமிக்கொண்டு இறங்கவும், பயந்து பக்கத்து மரத்தில் ஏறியது. இரண்டு குரங்குகள் அதைத் துரத்தின. ஒன்று வாலைக் கடித்தது. செவந்தி கீச்சிட்டபடி உச்சிக்கொப்புக்குப் போய் இலைகளுக்கு நடுவே ஒடுங்கிக்கொண்டது. துரத்தினவை சற்று நேரம் முறைத்துவிட்டுத் தங்கள் மரத்துக்குத் திரும்பின. ஒன்றுக்கொன்று பேன் பார்க்க ஆரம்பித்தன. செவந்தியை அவை மறந்தே போய்விட்ட மாதிரி இருந்தது.

"கூட்டிக்கிட்டுப் போயிடலாம் அம்சம்."

"வேணாம் சின்னம்மா. இன்னிக்கு வெரட்டும், நாளைக்கும் வெரட்டும். அப்புறம் மெதுவா பக்கத்துல வந்து குந்தும். நான் இந்த ஊருக்கு வாழ வந்தப்பவும் அப்படித்தான் இருந்துது."

வள்ளியம்மை அழுதாள். அம்சம் அவளைத் தொடவில்லை. அழுது முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நின்றாள்.

திரும்பும்போது வள்ளியம்மை டாக்டர் சொன்னதைச் சொன்னாள். "அதுக்கு வந்தது என்னாலதான். பூசறதை நிறுத்தினேன், போயிடுச்சு. எனக்குத்தான் போகலை. இந்த மூஞ்சியோட என்னை யாரு கட்டிக்குவாங்க? போன வருஷம் பொண்ணு பாக்க வந்த பூந்தோட்டம் ஊர்க்காரங்களும் வேணாம்னுட்டாங்க."

அம்சம் நின்றுவிட்டாள்.

"அவங்க வேணாம்னு சொல்லலையே சின்னம்மா. சம்மதம்னுதான் ஆள் அனுப்பினாங்க. நம்ம பக்கத்துலேர்ந்துதான், ஜாதகம் சேரலைன்னு திருப்பிச் சொல்லியனுப்பினது. போய்ச் சொல்லிட்டு வந்ததே எங்கூட்டு ஆளுதான். அப்ப பண்ணையில இருந்தாருல்ல. ஒங்கப்பாரு அனுப்பினாரு."

"எதுக்கு?"

அம்சம் சொல்லவா வேண்டாமா என்று ஆற்றைப் பார்த்தாள். "வாய்க்காப் பங்கு நெலம் ஒண்ணரை வேலி ஒங்க பேர்லதான் இருக்கு. சட்டத்துக்குப் பயந்து எழுதி வச்சிருக்காரு. கட்டிக் குடுத்தா மாப்புள்ள வந்து நெலத்தைக் கேப்பாருல்ல? ஊருக்கே தெரியும் சின்னம்மா. மூஞ்சி இல்லை காரணம். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

ஒன்பது வருஷமாகக் கண்ணாடி முன்னால் நின்ற ஒவ்வொரு காலையும் வள்ளியம்மைக்கு ஞாபகம் வந்தது. ஆற்றைக் கடந்ததும் அம்சம், "நீங்க போங்க. நான் அந்தப் பக்கமா சுத்திப் போறேன்" என்றாள். இரண்டு பேரும் இரண்டு வழியாகப் பிரிந்தார்கள்.

மாசியில் அதிகாரிகள் முன்னிலையில் பேசிக் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கொடுப்பதாக முடிந்தது. ஜெயிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். ரெத்தினத்துக்கு மட்டும் பண்ணையில் வேலை இல்லை என்றார் நாகநாதன். அம்சமும் வரவில்லை. மன்னார்குடியிலிருந்து என்ன பதில் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. வள்ளியம்மை கேட்கவும் இல்லை.

வைகாசியில் நில விசாரணைக்கு ஜீப் வந்தது. முதல்நாள் அப்பா அவளைக் கூடத்துக்குக் கூப்பிட்டு உட்கார வைத்தார். அவர் அவளை உட்காரச் சொன்னது அவள் நினைவில் அதுதான் முதல் தடவை.

"அதிகாரி கேட்டா, வாய்க்காப் பங்கு என் நிலம், அம்மா வழிச் சீதனமா வந்தது, குத்தகைக்கு விட்டிருக்கேன், நெல்லு எங்கிட்டதான் வருதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்."

"சரிப்பா" என்றாள்.

மறுநாள் விசாரணையில் அத்தை, தன் பேரில் இருந்த நிலத்துக்காகச் சொல்லிக் கொடுத்ததைப் பாட்டு மாதிரி ஒப்பித்தாள். பிறகு வள்ளியம்மையைக் கூப்பிட்டார்கள். அதிகாரி வயதானவர். எல்லோரையும் போலவே அவரும் அவள் நெற்றிக்கு மேலே பார்த்துத்தான் கேட்டார்.

"வாய்க்கால் பங்கு ஒன்றரை வேலி உங்களோடதாம்மா?"

அப்பா தூணோரம் நின்றார். வள்ளியம்மை வாயைத் திறந்தாள். மனப்பாடம் செய்தது எல்லாம் நாக்கிலேயே இருந்தது.

"எனக்குத் தெரியாதுங்க" என்றாள்.

அதிகாரி இப்போது அவள் முகத்தைப் பார்த்தார். "உங்க பேர்ல இருக்கும்மா."

"பேர்ல இருக்கலாம். நான் அந்த நிலத்தைப் பாத்ததே இல்லை. எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டா எனக்குக் கை காட்டத் தெரியாது. நெல்லு வருதா வரலையான்னு எனக்கு யாரும் சொன்னதில்லை."

அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். நாகநாதன் அசையவில்லை. அவர் முகத்தில் கோபம்கூட உடனே வரவில்லை. யாரோ ஒரு மூன்றாம் மனுஷி தன் வீட்டில் நிற்கிறாள் என்பதைப் போலப் பார்த்தார்.

ஜீப் போன பிறகு அவர் அடிக்கவில்லை, திட்டவில்லை. பேசுவதை நிறுத்திவிட்டார். அவர் இருக்கும் அறைக்கு அவள் வந்தால் எழுந்து போனார். அத்தை, "பெத்த அப்பன் தலையில மண்ணை அள்ளிப் போட்டியேடி" என்று ஒரு நாள் முழுக்க அழுதாள். பிறகு அவளும் அளந்து பேச ஆரம்பித்தாள். சாப்பிடு, படு, கதவைச் சாத்து என்று.

வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. இழுத்தது. அந்த வருஷங்களில் வள்ளியம்மையின் முகத்தில் பருக்கள் ஒவ்வொன்றாக அடங்கின. கல்யாணமாகாமலே, மருந்தில்லாமலே, வந்த மாதிரியே போயின. குழிகள் மட்டும் தங்கின. ஒரு நாள் காலையில் கண்ணாடியைப் பார்த்து, புதிதாக ஒன்றும் இல்லை என்று கண்டபோது, அதைப் போய்ச் சொல்ல அவளுக்கு ஒருத்தரும் இல்லை. வலங்கைமான் டாக்டர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டிருந்தார்.

மூன்றாம் வருஷம் தீர்ப்பாகி, வாய்க்கால் பங்கை உபரி என்று எடுத்துத் தெற்குத் தெருவில் நிலமில்லாதவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். புரட்டாசியில், முதல் நடவு நடக்கிறது என்று பால்காரர் சொன்ன அன்று, வள்ளியம்மை யாரிடமும் சொல்லாமல் புறப்பட்டுப் போனாள். தன் பேரில் இருந்த நிலத்தை ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது.

பெரிய அழகு ஒன்றும் இல்லை. சேறும் தண்ணீருமாக, மற்ற எல்லா வயலையும் போலத்தான் இருந்தது. வரிசையாகக் குனிந்து பெண்கள் நட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் அம்சம் இருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. நாற்று முடிச்சை எடுக்க நிமிர்ந்தவள் வரப்பில் நிற்பவளைப் பார்த்தாள்.

"சின்னம்மாவா? எங்க இந்தப் பக்கம்?"

"சும்மா பாக்க வந்தேன்."

"வெயில்ல நிக்கறீங்களே. நல்லாருக்கீங்களா?"

"நல்லாருக்கேன்."

அம்சம் இன்னும் ஏதோ கேட்க வாயெடுத்தாள். அதற்குள் பக்கத்திலிருந்தவள், "ஒன் பக்கம் பின்தங்குது பாரு" என்று குரல் கொடுக்கவும் குனிந்துவிட்டாள். நடவு ஆட்கள் பின்பக்கமாகத்தானே நகர்வார்கள். முதுகைக் காட்டியபடி, பேச்சும் சிரிப்புமாக, அடி அடியாக வரப்பை நோக்கி வந்தார்கள். அவர்கள் ஏறி வர இடம் வேண்டுமே என்று வள்ளியம்மை ஒதுங்கி நின்றாள்.